பக்கத்துக்கும் ஒரு வில்லங்கச் சான்று

மனை வாங்கப் போகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். முப்பது வருடத்துக்குப் போட்டால் இன்னும் நல்லது. இடம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, எந்த வருடம் அடமானம் வைத்தார்கள், எப்போது மீட்டார்கள் என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். இன்றைய உரிமையாளர் யார் என்று தெரிந்தால் போதாது, அவர் எப்படி உரிமையாளர் ஆனார் என்பதும் தெரிய வேண்டும்.

காகிதத்தில் எழுதியதற்கும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. அலுவலகப் பதிவேட்டில் தவறு நேர்ந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எழுத்து படிக்க முடிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். பத்திரம் எழுதுகிறவர்களும் அடித்தல் திருத்தல் எத்தனை என்று பக்கத்தின் அடியில் குறிப்பார்கள். நம் வயதுக்காரர்கள் பலரும் இந்தப் பழக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

கணினித் திரையில் அடித்ததும் தெரியாது, திருத்தியதும் தெரியாது. ஓர் இணையதளத்தில் காலையில் இருந்த வரி மாலையில் இல்லை என்றால், காலையில் இருந்ததற்கு நம் நினைவு மட்டுமே சாட்சி. இந்தக் குறையைத் தீர்க்கக் கணினிக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதையை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு முதியவரின் மானம் போக இருந்த கதையும் உண்டு.

முதல் முயற்சி அமெரிக்காவில், தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. பல பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதும்போது யார் எதை மாற்றினார்கள் என்ற குழப்பம் வந்துகொண்டே இருந்தது. 1972இல் மார்க் ராச்கைண்ட் என்பவர் இதற்கென்று ஒரு மென்பொருள் செய்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சேமித்து, கேட்டால் எந்தப் பழைய நிலையையும் திரும்ப எடுத்துக் கொடுக்கும்.

அதே கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 'டிஃப்' என்ற சிறு கருவியைச் செய்தார். 1974இல் அது யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்தது. அதன் வேலை இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் எடுத்துக் காட்டுவது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் என்று குறித்துவைத்தார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையின் முதல் மெய்ப்பையும் இரண்டாவது மெய்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு வரி கூடிவிட்டால், அதற்குக் கீழே உள்ள வரி எல்லாம் ஒன்று தள்ளிப் போயிருக்கும். ஐந்தாம் வரியை ஐந்தாம் வரியோடு ஒப்பிடுகிற இயந்திரம் எல்லாமே மாறிவிட்டது என்று சொல்லும். ஆகவே 'டிஃப்' முதலில் இரண்டு பிரதிகளிலும் ஒரே வரிசையில் வரும் பொதுவான வரிகளை முடிந்த அளவு அதிகமாகக் கண்டுபிடிக்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் மாற்றம். முதல் பிரதியில் மட்டும் இருந்தால் நீக்கப்பட்டது, இரண்டாவதில் மட்டும் இருந்தால் சேர்க்கப்பட்டது. இன்று எந்தத் தளத்தில் திருத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலும் பின்னால் இந்த யோசனையே வேலை செய்கிறது.

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர்களின் உலகத்தோடு நின்றிருந்தது. பொதுமக்கள் பக்கம் வந்தது வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்கரால். 1995 மார்ச்சில் அவர் ஓர் இணையதளம் தொடங்கினார். படிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை அங்கேயே திருத்தலாம். ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடும் 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைத் தம் தளத்துக்கு வைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. கதவைத் திறந்து வைத்தவர், வாசலில் ஒரு பலகையும் மாட்டினார். எந்தெந்தப் பக்கம் புதிதாக மாறியிருக்கிறது என்று காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' என்ற பட்டியல் அது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஏதாவது கோணலாகத் தெரிந்தால் சரி செய்துவிடுவார்கள்.

இனி விக்கிப்பீடியா. அதற்கு ஓர் அண்ணன் இருந்தது. 2000இல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நூப்பீடியா என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். அறிஞர்கள் எழுத, அறிஞர்கள் சரிபார்க்க, ஏழு கட்டப் பரிசோதனை முடிந்தால்தான் கட்டுரை வெளியே வரும். நம் அலுவலகக் கோப்பு மாதிரிதான், ஒவ்வொரு மேசையாக நகர்ந்தது. முதல் வருடத்தில் முடிந்தவை 20 சொச்சம் கட்டுரைகள். பொறுமை இழந்தவர்கள் 2001 ஜனவரி 15 அன்று கன்னிங்காமின் முறையில் விக்கிப்பீடியாவைத் தொடங்கினார்கள். முன்பே பரிசோதித்து வெளியிடுவதை விட்டுவிட்டு, வெளியிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அண்ணனை விரைவிலேயே ஆள் மறந்தார்கள்.

அந்த முதல் மாதங்களில் பயன்படுத்திய மென்பொருள் பழைய பிரதிகளை நீண்ட நாள் வைத்திருக்காது, கொஞ்ச நாள் கழித்து அழித்துவிடும். 2002இல் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மன் மாணவர் எழுதிய புதிய மென்பொருளுக்கு மாறினார்கள். அதற்குள் ஆரம்ப நாள் திருத்தங்களில் பல காணாமல் போய்விட்டன. உலகமே பார்க்கும் கலைக்களஞ்சியத்துக்குத் தன் பிள்ளைப் பருவத்து ஆவணம் கையில் இல்லை. பத்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, 2010 டிசம்பரில், டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய காப்புக் கோப்புகளைத் துழாவி, 2001 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை செய்த திருத்தங்களின் பதிவைக் கண்டெடுத்தார். பழைய ரெக்கார்டு ரூமில் கட்டு அவிழ்க்காத மூட்டைக்குள் தேடிய கோப்பு கிடைத்தால் வரும் மகிழ்ச்சி நம்மில் சிலருக்குத் தெரியும்.

இத்தனை திறந்த வீட்டில் திருட்டு நடக்காதா என்று கேட்பீர்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஃபெர்னாண்டா வியேகாஸும் மார்ட்டின் வாட்டன்பெர்க்கும் இதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தை யாராவது ஒட்டுமொத்தமாக அழித்தால், அப்படிப்பட்ட சேதங்களில் பாதி மூன்று நிமிடத்துக்குள் சரிசெய்யப்பட்டிருந்தது. பழைய பிரதி பத்திரமாக இருப்பதால் ஒரு சொடுக்கில் மீட்டுவிடலாம். கெடுக்கிறவனுக்குத்தான் வேலை அதிகம்.

அப்படியானால் கவலையே இல்லை என்று பலர் நினைத்தார்கள். அடுத்த வருடமே அந்த நினைப்பு பொய்த்துப் போனது.

ஜான் சீகன்தாலர் அமெரிக்கப் பத்திரிகை உலகில் பெரிய பெயர். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்துக்காரர். அங்கே 'தி டென்னசியன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேருந்தில் வந்த இளைஞர்களை 1961இல் மான்ட்கோமரியில் ஒரு கும்பல் தாக்கியபோது, அவர்களைக் காப்பாற்றப் போய் மண்டையில் அடிபட்டு மயங்கி விழுந்தவர். ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர்.

2005 மே 26 அன்று யாரோ ஒருவர் அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் சீகன்தாலருக்குத் தொடர்பு இருக்குமோ என்று சிறிது காலம் சந்தேகிக்கப்பட்டார், பிறகு சோவியத் நாட்டில் போய்ப் பல வருடம் வாழ்ந்தார் என்று அதில் இருந்தது. எல்லாம் கட்டுக்கதை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. கலைக்களஞ்சிய நடையில் அமைதியாக எழுதப்பட்ட பொய்.

மூன்று நாள் கழித்து ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஒரு சொல்லில் எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுப் போய்விட்டார். கொலைச் சந்தேகம் அப்படியே இருந்தது. அக்டோபர் 5 அன்று அந்தப் பழைய பிரதிகள் நீக்கப்படும் வரை 132 நாட்கள். அதை நகலெடுத்திருந்த வேறு தளங்களில் இன்னும் சில வாரங்கள். அப்போது அவருக்கு 78 வயது. நவம்பர் 29 அன்று, தாம் முன்பு தொடங்க உதவிய 'யுஎஸ்ஏ டுடே' பத்திரிகையில் நடந்ததை எழுதினார். தளத்தின் மேல் வழக்குப் போட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. எழுதியவர் யார் என்று சொல்ல இணைய இணைப்பு தந்த நிறுவனமும் தயாராக இல்லை.

ஆனால் பக்கத்தின் வரலாற்றில் ஒரு தடயம் மிஞ்சியிருந்தது. பெயர் போடாமல் திருத்துகிறவரின் கணினி இணைப்பு எண்ணை அந்நாளில் அது குறித்து வைக்கும். அந்த எண்ணைப் பின்தொடர்ந்த ஓர் ஆர்வலர், நாஷ்வில்லிலேயே ஒரு சிறு நிறுவனத்தில் போய் நின்றார். அங்கே வேலை பார்த்தவர் டிசம்பரில் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். உடன் வேலை பார்ப்பவரை ஏமாற்ற விளையாட்டாகச் செய்தாராம். அவர் வேலையை விட்டு விலகியபோது, சீகன்தாலரே அந்த முதலாளியிடம் அவருக்காகப் பரிந்து பேசினார். வழக்கும் தொடுக்கவில்லை. பெரிய மனுஷர்.

மூன்று நிமிடத்தில் சரியாகும் சேதத்தையும் 132 நாள் தங்கிய பொய்யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மாற்றம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் பதிவாகியிருந்தது. முதலாவது கண்ணை உறுத்தியது, ஆள் ஓடி வந்தார். இரண்டாவது யாருக்கும் உறுத்தவில்லை. பதிவேடு ஒழுங்காக இருப்பது ஒன்று, அதைப் படித்து 'இது நிஜமா?' என்று கேட்க ஆள் இருப்பது வேறொன்று. தணிக்கைத் துறையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் சட்டதிட்டங்கள் இறுகின. ஆங்கில விக்கிப்பீடியாவில் பெயர் பதியாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று அந்த டிசம்பரிலேயே விதி வந்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்குத் தனி விதிமுறைகள் வந்தன. ஜெர்மானியர்கள் ஒரு படி மேலே போனார்கள். 2008 முதல் அங்கே புதியவர் செய்யும் திருத்தம், அனுபவசாலி ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும் வரை சாதாரண வாசகருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் 2010இல் சோதனை செய்து, 2012 முதல் வம்புக்கு இடமான சில பக்கங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டார்கள். நூப்பீடியாவின் மேசை கொஞ்சம் திரும்பி வந்தது என்று சொல்லலாம், ஆனால் ஏழு மேசைக்குப் பதில் ஒரு மேசை.

மற்றத் தளங்களுக்கும் இந்தப் பழக்கம் பரவியது. உலகத்தில் ஏராளமான இணையதளங்கள் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கின்றன. 2008 ஜூலையில் வந்த அதன் பதிப்பில், விக்கியைப் போலவே ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி சேர்ந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பழைய பிரதிகள் தளத்தை நடத்துபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். வாசகருக்குத் தெரியாது. வில்லங்கச் சான்று விற்பவரின் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட தளங்களின் பழைய தோற்றத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. 1996இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற அமைப்பு, இணையப் பக்கங்களை அவ்வப்போது படியெடுத்து வைக்கிறது. எல்லாப் பக்கமும் எல்லா நாளும் கிடைக்காது, கிடைத்தவரை லாபம்.

நம் தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. ஆரம்ப நாட்களில் அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அதில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே 'வரலாறு' என்று ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் தேதி, நேரம், திருத்தியவரின் பயனர் பெயர், பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஓர் எண் எல்லாம் வரிசையாக வரும். அந்த எண் எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, கணினிச் சேமிப்பின் அளவு. 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே 15 கூடும். பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுத்தால் மாறிய வரிகளை மட்டும் நிறம் போட்டுக் காட்டும். அதுதான் பழைய 'டிஃப்'.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள் நண்பர்களே. உங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து அதன் வரலாற்றைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் காட்டித் தருவார்கள். எழுத்துப்பிழை பார்க்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த குடும்பம் எது, பழைய சந்தை எந்த இடத்தில் கூடியது, ஏரிக்கு அந்தப் பெயர் எப்போது வந்தது என்று பார்த்து, 'இது சரியில்லையே' என்று சொல்லக் கூடியவர்கள் நம்மைப் போல் கொஞ்சம் பேர்தான் மிச்சம். தவறு கண்டால் திருத்துங்கள், ஏன் திருத்தினீர்கள் என்று அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட்டுப் பழகிய கை அல்லவா நமக்கு.