பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடுமா? மயக்க மருந்தும் பல்செட்டும் சேர்ந்து வந்த கதை



"மேல் பல்லு ஆடுது டாக்டர், ஆனா புடுங்க மாட்டேன். கண்ணு போயிடும்னு சொல்றாங்க."

களமருதூர் பக்கம் மட்டுமில்ல, கல்வராயன் மலை வரைக்கும் பெரியவங்க சொல்ற வார்த்தை இது. முதல்ல இதுக்குப் பதில், அப்புறம் வரலாறு.

மேல் பற்களோட உணர்ச்சி முகத்துக்கான நரம்பு வழியா போகுது. பார்வைக்கு இருக்கிறது தனி நரம்பு. பல்லைப் பிடுங்குறதால பார்வை போறதில்ல. பல் விழுற வயசும் கண்புரை வர்ற வயசும் ஒண்ணா இருக்கு. பல்லைப் புடுங்கின அடுத்த வருசம் கண்ணு மங்கினா, பழி பல் மேல விழுது.

உண்மையில ஆபத்து வேற பக்கம் இருக்கு. சீழ் பிடிச்ச மேல் பல்லை அப்படியே விட்டா, அபூர்வமா அந்தக் கிருமி கண்குழி வரைக்கும் பரவலாம்.

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சு? வலிதான் காரணம். 180 வருசத்துக்கு முன்னாடி உலகத்துல எந்த ஊர்லயும் பல் பிடுங்கணும்னா ஆளைப் பிடிச்சுக்கிட்டு குறடால இழுக்கிறதுதான்.

1844 டிசம்பர் 10. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஊர்ல சிரிப்பு வாயுவை வச்சு ஒரு வேடிக்கைக் காட்சி. வாயுவை முகர்ந்த ஒருத்தர் கால்ல அடிபட்டும் வலி தெரியாம இருந்தார். அதைக் கவனிச்சவர் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கல!

1845 ஜனவரியில பாஸ்டன்ல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டப் போனார். வாயு போதுமான அளவு ஏறல, நோயாளி கத்திட்டார். கூட்டம் ஏமாத்துக்காரன்னு கேலி பண்ணுச்சு. மனசு உடைஞ்ச வெல்ஸ், குளோரோஃபார்முக்கு அடிமையாகி 1848ல தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார்.

அவரோட பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன். இவருக்கு வேற பிரச்சினை. இவர் செஞ்ச பல்செட் சரியா உட்காரணும்னா மிச்சம் இருக்கிற வேர்களையெல்லாம் எடுத்தாகணும். வலிக்குப் பயந்து ஆளுங்க ஓடிட்டாங்க. பல்செட் விக்கணும்னா வலி போகணும்!

தேடித் தேடி ஈதரைப் பிடிச்சார். 1846 செப்டம்பர் 30ல ஈதர் கொடுத்து ஒரு பல்லைப் பிடுங்கினார். அக்டோபர் 16ல மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில ஈதர் கொடுக்க, கழுத்துக் கட்டி அறுவை சிகிச்சை நடந்துச்சு. 1847 மார்ச்ல கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கே ஈதர் வந்துடுச்சு.

ஆக இன்னைக்கு சிசேரியன்ல இருந்து இதய அறுவை சிகிச்சை வரைக்கும் நாம கொடுக்கிற மயக்க மருந்தின் தொடக்கத்துல ஒரு பல்செட் வியாபாரமும் இருக்கு 🙂

அடுத்து குளோரோஃபார்ம். 1847 நவம்பர்ல அறிமுகம். சில வாரத்துலயே, 1848 ஜனவரியில, இங்கிலாந்துல கால் நகம் எடுக்கப் போன 15 வயசுப் பொண்ணு ஹன்னா கிரீனர் இறந்து போச்சு. சின்னச் சிகிச்சையிலயே சாவு!

இது மூச்சு நின்னு வர்ற சாவா, இதயம் நின்னு வர்ற சாவா? இந்தச் சண்டையைத் தீர்க்க முயன்ற இடம் நம்ம ஹைதராபாத். எட்வர்ட் லாரி என்ற மருத்துவர், "மூச்சைப் பார்த்தாப் போதும்" என்றார். நிஜாம் 1000 பவுண்டு கொடுத்து லண்டன்ல இருந்து நிபுணரை வரவழைக்க, 1889ல நூற்றுக்கணக்கான விலங்குகள்ல சோதனை. மூச்சுதான் முதல்ல நிக்குதுன்னு முடிவு சொன்னாங்க.

அது முழு உண்மை இல்ல. 1911ல லெவி என்ற ஆய்வாளர், குளோரோஃபார்ம் லேசா இருக்கும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னுடும்னு காட்டினார். பல் பிடுங்குறப்போ கொடுத்தது அதே லேசான மயக்கம்தான்! அதனாலதான் இன்னைக்கு மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாத்தையும் பார்க்கிறோம்.

பல்செட்டும் இதே காலத்துல மாறுச்சு. யானைத் தந்தம், இறந்த போர் வீரர்களோட பல் எல்லாம் வாயில வச்ச காலம் போய், 1850கள்ல கெட்டிப்படுத்தின ரப்பர் வந்து விலை குறைஞ்சது. 1930களின் கடைசியில அக்ரிலிக். 1965ல ஸ்வீடன்ல பிரானமார்க் தாடை எலும்புலயே டைட்டானியம் திருகை வச்சார், அதான் இம்பிளாண்ட். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசியும் 1943ல ஸ்வீடன்ல உருவானதுதான்.

நம்ம நாட்டுல ரஃபியுதீன் அகமது 1920ல கல்கத்தாவுல முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில 1953ல வந்துச்சு.

இப்போ உங்களுக்கு:

✅ பெரும்பாலான பல்லுக்கு மரத்துப்போற ஊசியே போதும். முழு மயக்கம் வேண்டாம்.

✅ ரொம்பப் பயப்படுறவங்களுக்கு, சின்னக் குழந்தைகளுக்கு அரைமயக்கம் கொடுக்கலாம். ஆனா அதுக்குப் பயிற்சி பெற்றவரும், கண்காணிப்புக் கருவியும், ஆக்சிஜனும் அங்கே இருக்கணும். தைரியமாக் கேளுங்க, அது உங்க உரிமை.

✅ சுகர், பிரஷர், இதய நோய், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எதுவா இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

✅ பல் போனா தாடை எலும்பு கரையும், முதல் வருசம்தான் அதிகம். பல்செட்டை வருசக்கணக்கா தள்ளிப்போடாதீங்க. ராத்திரி கழட்டி தண்ணியில போட்டு வைங்க.

✅ பல்செட் செய்ற வசதி எல்லா அரசு மருத்துவமனையிலும் இருக்காது, விசாரிச்சுட்டுப் போங்க. நமக்கு எட்டுற தூரத்துல சிதம்பரத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு.

பொக்கை வாய்னு வீட்டுல கேலி பண்றோம். ஆனா அந்தப் பெரியவர் பல வருசமா மல்லாட்டை, கறி, காய் எதுவும் மெல்ல முடியாம கஞ்சியும் ரசம்சோறுமா ஓட்டுறார். புரதம் இல்லாம உடம்பு கரையுது. "வயசாச்சு, இளைச்சுட்டார்"னு நாம விட்டுடுறோம்.

இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல உங்க வீட்டுப் பெரியவர் எதை ஒதுக்கி வைக்கிறார்னு கொஞ்சம் பாருங்க.


அரசு மருத்துவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்