விமானியின் சம்பளம்: எதற்குக் கூலி?

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ‘என் இலட்சியம்’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். விமானிக்குக் கை நிறையச் சம்பளம் கிடைக்கும் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். “மாதம் எவ்வளவு, ஐயா?” என்றும் கேட்டான். உடனே விடை கூற இயலவில்லை. தேடிப் படித்தபோது, அந்தச் சம்பளம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதற்கே தனி வரலாறு இருப்பதை அறிந்தேன்.

அமெரிக்க அஞ்சல் துறை 1918 மே 15-ஆம் நாள் வான் அஞ்சல் சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூலையில், மூடுபனியில் பறக்க மறுத்த இருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். சக விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இருவருள் ஒருவருக்கே வேலை திரும்பக் கிடைத்தது. ஆயினும், வானிலை சரியில்லை என்று விமானி மறுத்தால், தளப் பொறுப்பாளர் தாமே ஏறிப் பறந்து பார்க்கவேண்டும் என்றோர் ஏற்பாடு உண்டானது. தரையில் நின்று கட்டளையிடுவோருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை!

1920-களில் இவ்விமானிகளுக்கு ஆண்டுக்கு 2,000 முதல் 2,800 டாலர் வரை அடிப்படைச் சம்பளம். அதற்குமேல் மைலுக்கு 5 முதல் 7 சென்ட், இரவில் இருமடங்கு. பறக்காவிட்டால் மைல் காசு இல்லை. அச்சத்தையும் மீறிப் பறக்கத் தூண்டும் முறை இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1933-இல் போயிங் 247 போன்ற வேகமான விமானங்கள் வந்தன. ஒரு மணி நேரத்தில் கூடுதல் மைல்கள் பறக்க முடிந்ததால், நிறுவனங்கள் மைல் கணக்கைக் கைவிட்டு மணிக் கணக்கிற்கு மாற விரும்பின. வேகத்தின் பயன் தங்களுக்கும் வேண்டும் என்றனர் விமானிகள். 1934 மே மாதம் தேசியத் தொழிலாளர் வாரியம் தனது 83-ஆம் தீர்ப்பில் இரு முறைகளையும் இணைத்தது: பணிக்காலத்திற்கேற்ற அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்திற்கேற்ற மணிக்கூலி, அதனுடன் மைல் கூலி. மாதத்திற்கு 85 மணி நேரத்திற்குமேல் பறக்கக் கூடாது என்றும் வரம்பிட்டது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

இன்றும் பல நிறுவனங்களில், விமானம் வாயிலை விட்டு நகர்ந்தது முதல் மறு வாயிலை அடையும் வரையே பறப்பு நேரமாகக் கணக்கிடப்படுகிறது. இதை வகுப்பில் விளக்கினேன்.

“அப்படியானால் மழை விடும்வரை வாயிலில் காத்திருந்தால் காசு இல்லையா, ஐயா?”

மாதத்திற்கு இத்தனை மணி நேரத்திற்குக் கட்டாயம் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தங்களில் எழுதிக்கொள்வது அதனால்தான் என்றேன். மறுநாள் அவன் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தான். ‘கை நிறையச் சம்பளம்’ அப்படியே இருந்தது. அதன்கீழ், ‘மூடுபனி என்றால் நான் பறக்கமாட்டேன்’ என்று ஒரு வரி கூடியிருந்தது.