விரிசலும் விலையும்

கடத்தூரில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். மாட்டு வண்டிச் சக்கரம் செய்வதில் கைதேர்ந்தவர். வண்டிகள் அருகிவிட்டபடியால் இப்போது கதவும் ஜன்னலும் செய்து காலம் தள்ளுகிறார். போன மாதம் என் அக்காள் மகன் ஓர் அபூர்வப் பொருளை அவரிடம் எடுத்துப் போனான். துணைக்கு நானும் போனேன்.

முதுகில் சிறு எஞ்சினைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே துணிச் சிறகை விரித்துப் பறக்கும் சாதனத்துக்குப் பாராமோட்டார் என்று பெயர். அதன் மர விசிறிதான் அவன் கொண்டுவந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழைபோல் விரிசல்.

"ஐயா, பசை வைத்து ஒட்டித் தாருங்கள். புதிது வாங்க இப்போது கையில் காசில்லை" என்றான் பையன்.

ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கோ ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது.

ஆகாய விமானத்தின் சரித்திரமே தச்சு வேலையில்தான் ஆரம்பமாகிறது. 1903 டிசம்பர் 17-ஆம் தேதி ரைட் சகோதரர்கள் பறந்தார்களே, அந்த விமானத்தின் விசிறிகள் ஸ்புரூஸ் மரப் பலகைகளை ஒட்டிக் கையால் செதுக்கியவை. 1909-ல் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டியதும் வால்நட் மர விசிறியின் தயவால்தான். நம் சென்னையில் 1910-ல் ஹோட்டல்காரர் டி'ஏஞ்செலிஸ் பறந்து காட்டிய விமானம் உருவானது, கோச்சு வண்டி கட்டிப் பேர்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியிலே!

ஆனால் மரத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. 1908 செப்டம்பர் 17-ஆம் தேதி, அமெரிக்காவில் போர்ட் மையர் மைதானத்தில் ஆர்வில் ரைட் ஒரு ராணுவ அதிகாரியை ஏற்றிக்கொண்டு பறந்தார். திடீரென்று ஒரு விசிறி நீளவாக்கில் பிளந்தது. விமானம் அதிர்ந்தது, விசிறி பட்டு, வாலைத் தாங்கிய கம்பி அறுந்தது, விமானம் தலைகுப்புற விழுந்தது. ஆர்விலுக்குத் தொடையெலும்பு முறிந்தது. தாமஸ் ஸெல்ப்ரிட்ஜ் என்ற அந்த அதிகாரி, வயது 26, அன்று மாலையே இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவர்தான். எல்லாம் ஒரு விரிசலால் வந்த வினை!

பிறகு ரீட் என்ற அமெரிக்கர் டூராலுமின் என்ற உலோகக் கலவையில் விசிறி செய்து, 1925-ல் காலியர் பரிசு பெற்றார். உலோகம் ஈரத்தில் உப்பாது, வெயிலில் வளையாது. ஆனால் கனம் அதிகம். ஓயாத அதிர்ச்சியில் அதற்கும் விரிசல் காணும். முதுகில் சுமப்பவனுக்கு அது ஏற்றதல்ல.

ஆகவே பாராமோட்டார்க்காரனுக்கு முக்கியமாக மரம், கார்பன் இழை என்று இரண்டு வழிகள். கார்பன் இலேசு, விறைப்பு, விலையோ கூடுதல். உடைந்தால் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். மரம் மலிவு, அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும். தரையில் மோதினால் தான் முறிந்து, பெரும்பாலும் எஞ்சினின் தண்டைக் காப்பாற்றும். ஆனால் ஈரம் புகுந்தால் நிறை சமன் கெடும்.

எதுவானாலும் வேகம் ஒன்றுதான். 130 சென்டிமீட்டர் விசிறி நிமிஷத்துக்கு 2,500 தடவை சுழன்றால், அதன் நுனி மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரமானாலும் கார்பனானாலும், குறுக்கே போன விரலை அது சும்மா விடாது.

இதையெல்லாம் நான் பையனிடம் சொல்லி முடிப்பதற்குள் ஆசாரி விசிறியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பசை வைத்தால் பார்வைக்குத் தெரியாது, தம்பி. அதுதான் ஆபத்து" என்றார். "வண்டிச் சக்கரம் உடைந்தால் கீழே இறங்கி நடந்து போகலாம். இது உடைந்தால் நீ எங்கே இறங்குவாய்?"

பையன் பதில் பேசவில்லை. விசிறியை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். புதிது வாங்கக் காசு சேரும்வரை பறப்பதில்லை என்று தானாகவே சொன்னான். அன்றிரவு என் அக்காள் நிம்மதியாகத் தூங்கினாள்.