நீராவிப் பொறி கடைந்த அடிமை இளைஞர்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்தாண்டுத் தொண்டினை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பணிக்கப்பட்டோம். மன்னர்தம் படையெடுப்புகளை எழுதுவோர் பலர் உளர். நாம் ஈண்டு எழுதப் புகுவது, இரும்பைக் கடைந்து எந்திர உறுப்பாக்கக் கற்ற எளிய மாணாக்கர் வரலாறு. நம் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் சேரும் இக்காலத்தில், அவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் பெஞ்சமின் பிராட்லி என்னும் கறுப்பின இளைஞர் வாழ்ந்தார். அவர் பிறப்பால் அடிமை. அச்சுக்கூடமொன்றில் வேலை செய்துவந்த அவர், ஏறத்தாழப் பதினாறாம் வயதில், ஒரு துப்பாக்கிக் குழாயும் சில உருண்டை எஃகுத் துண்டுகளும் வெள்ளீயக் கலவை உலோகமும் கொண்டு, இயங்கக்கூடிய சிறிய நீராவிப் பொறியொன்றைச் செய்து முடித்தார். கடையில் வாங்கிப் பூட்டத்தக்க உறுப்புகள் அவருக்குக் கிடைத்தில. ஒவ்வோர் உறுப்பையும் தாமே அளந்து தாமே ஆக்கினார்.

இதன் பயனாக அனாபொலிஸ் நகரில் 1845ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கடற்படைக் கல்விக்கூடத்தில், இயற்பியல் சோதனைகளை ஆயத்தம் செய்யும் உதவியாளராக அவர் அமர்த்தப்பட்டார். அங்கே பேராசிரியர் ஒருவரின் பிள்ளைகள் அவருக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். இயற்கணிதமும் வடிவ கணிதமும் வரை அவர் முன்னேறினார். ஆயினும் அவருடைய ஊதியம் அவருடைய எசமானருக்கே சென்றது. மாதம் ஐந்து டாலர் மட்டுமே அவர் கைக்கு வந்தது. தம் முதற்பொறியை அக்கல்விக்கூட மாணவர் ஒருவருக்கு விற்றார். அப்பணத்தோடு தம் சேமிப்பையும் சேர்த்து, போர்க்கப்பலின் படகொன்றைச் செலுத்தவல்ல பெரிய பொறியை உருவாக்கினார்.

அறிவு அவருடையது, உழைப்பு அவருடையது. ஆனால் அக்கண்டுபிடிப்புக்குரிய காப்புரிமை மட்டும் அவருக்கு இல்லை. அடிமை எதற்கும் உடைமையாளன் ஆகான் என்பதே அந்நாட்டுச் சட்டம். 1858ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை அரசு வழக்கறிஞர் ஜெரமையா பிளாக், அடிமை ஒருவன் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை வழங்கவியலாது என்று எழுத்திலேயே கருத்துரைத்தார். பிராட்லி மனந்தளர்ந்தாரல்லர். தம் பொறியை விற்றுப் பெற்ற பணத்தைக்கொண்டு தம்மையே விலைக்கு மீட்டு, 1859ஆம் ஆண்டு விடுதலை பெற்றார். கடைந்த இரும்பு ஒரு மனிதனின் விலங்கை அறுத்த செய்தி இது.

அமெரிக்க அடிமை ஒழிப்பின் செய்தி நம் நாட்டையும் எட்டியது. மகாத்மா சோதிராவ் புலே 1873இல் தாம் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அவர்தம் துயரும் நம் துயரும் ஒரு தன்மையவே என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

ஆயினும் சட்டம் மாறியவுடன் மனம் மாறிவிடுவதில்லை. எலைஜா மெக்காய் என்பாரின் வாழ்வு இதற்குச் சான்று. அடிமைத்தளையினின்று தப்பிக் கனடா நாட்டில் குடியேறிய பெற்றோருக்கு 1844இல் பிறந்த அவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று பொறியியல் பயின்று திரும்பினார். மிச்சிகன் மாநில இரயில்வேயில் அவருக்குக் கிடைத்த வேலையோ, இரயில் பொறிக்குக் கரி தள்ளுவதும் எண்ணெய் விடுவதுமே. பொறியாளர் பதவி கறுப்பருக்கு இல்லை என்றனர். அக்காலத்தில் வண்டியை அடிக்கடி நிறுத்தியே உறுப்புகளுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. நாள்தோறும் எண்ணெய்க் குவளையைத் தூக்கிய அக்கையே, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் தானாகச் சொட்டும் உறுப்பை வகுத்தது. 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1929இல் மறையும் முன் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாயின. இழிந்ததெனத் தரப்பட்ட வேலையிலிருந்தே அவர் அறிவைக் கடைந்தெடுத்தார்.

இனி இக்காலத்துக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்தவரான ஜான் பார்சன்ஸ் கல்லூரிப் பட்டம் பெறாதவர். ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவை வெட்டுதற்கு, வளைவின் புள்ளிகளைக் கணக்கிட்டு, அவ்வெண்களைக்கொண்டே எந்திரத்தைச் செலுத்தலாம் என்று அவரும் பிராங்க் ஸ்டுலன் என்னும் பொறியாளரும் எண்ணினர். 1949இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்கு ஒப்பந்தம் அளித்தது. 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி மூன்று திசைகளில் நகர்ந்து உலோகத்தை வெட்டும் மில்லிங் எந்திரத்தை இயக்கிக் காட்டினர். பின்னர் நாடாவின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்தது. அதுவே சி.என்.சி. எந்திரம்.

இன்று மாணவர் குழுவொன்று தம் திட்டப்பணியாகச் சிறு எந்திரத்தின் பிஸ்டனையோ காற்று புகும் குழலையோ தாமே ஆக்க முற்படின், முதலில் கணிப்பொறியில் வரைபடம் வரைகின்றனர். பின்னர் வெட்டும் வழி கட்டளைகளாக மாறுகிறது. ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டு; ஜி02 என்றால் வலஞ்சுழியாக வளைந்து வெட்டு; எம்03 என்றால் சுழல்தண்டைச் சுழற்று. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகினும் பிஸ்டன் இறுகிவிடக்கூடும். அல்லது அழுத்தம் கசிந்துவிடக்கூடும். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அளவு அது. 1981 முதல் அமெரிக்காவில் நடைபெறும் மாணவர் பந்தயக் கார்ப் போட்டிக்கு இவ்வாறே மாணாக்கர் தாமே உறுப்புகளைக் கடைகின்றனர். நம் கோயம்புத்தூரிலும் 2017இல் இத்தகைய மாணவர் போட்டி நிகழ்ந்தது.

இங்கு நாம் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எண்வழி எந்திரம் உருவான காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. கைதேர்ந்த தொழிலாளி ஒருமுறை வெட்டிக் காட்ட, அவர் கையசைவை நாடாவில் பதிந்து எந்திரம் திரும்பச் செய்யும் முறை அது. அது பின்தள்ளப்பட்டது. பட்டறையிலிருந்த அதிகாரத்தை அலுவலக அறைக்கு மாற்றும் விருப்பமும் இதற்கொரு காரணம் என்று டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984இல் எழுதினார். கட்டளை எழுதுவோர் ஒருபுறம், பொத்தானை அழுத்துவோர் மறுபுறம் என்ற பிரிவு தோன்றிற்று. சாதி என்பது வேலையைப் பங்கிடுவதோடு நில்லாது வேலை செய்வோரையே மேல்கீழாக அடுக்கிவிடுகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எடுத்துக்காட்டியதை நாம் மறந்தோமல்லோம். புதிய எந்திரத்தைச் சுற்றிப் பழைய அடுக்கு மீண்டும் எழுதல் ஆகாது.

நம் பெற்றோர் சிலர், “காலமெல்லாம் கைவேலை செய்து நாங்கள் பட்டது போதாதா? பிள்ளையையும் பட்டறைக்கா அனுப்புவது?” என வினவுவதை முப்பதாண்டு ஆசிரியப் பணியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவ்வினாவில் நியாயம் உண்டு. கைவேலை நம்மீது தண்டனையாகச் சுமத்தப்பட்டது. கணக்கும் ஏடும் நமக்கு மறுக்கப்பட்டன. ஆனால் குற்றம் கையினுடையதன்று. கையிலிருந்து எழுத்தைப் பிரித்தவருடையது. 1942இல் அண்ணல் அவர்கள் வைசிராயிடம் அளித்த கோரிக்கையில், நம் இளைஞரை அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் தொழில் பழகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். உயர்கல்வியையும் கேட்டார், தொழிற்பயிற்சியையும் கேட்டார். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்தாரல்லர்.

ஆதலின் நம் கழகம் இனிவரும் ஆண்டுகளில் நம் மாணாக்கருக்கு இரண்டையும் உறுதி செய்தல் வேண்டும். எந்திரத்தின் முன் நிற்கும் நம் பிள்ளை, கருவியைப் பூட்டவும் அறிதல் வேண்டும். கட்டளையை எழுதவும் அறிதல் வேண்டும். அதற்கு அடிப்படையான கோணவியலும் பின்னமும் எட்டாம் வகுப்பிலேயே பிழையறக் கற்றல் வேண்டும். விடுமுறைக் காலத்தில் கழகம் நடத்தும் இலவசக் கணித வகுப்புக்குப் பிள்ளைகளைத் தவறாது அனுப்பிவைக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம். தான் கடைந்த உறுப்பில் பிராட்லி தம் பெயரைப் பொறிக்க இயலாது போயிற்று. நம் பிள்ளைகள் தாம் ஆக்கியதில் தம் பெயரைப் பொறிக்கட்டும்.