6,000 தாலருக்கு ஓர் அலமாரி

அலமாரி என்ற சொல் போர்த்துகீசியர் நமக்கு விட்டுப்போனது. மேசை, சாவி, ஜன்னல் எல்லாமும் அப்படித்தான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இன்னொரு சொல்லும் தெரிந்திருக்கும்: 'எபெனிஸ்த்'. கூரைக்கு மரம் இழைக்கிறவர் 'ஷர்ப்பாந்த்தியே', கதவு ஜன்னல் செய்கிறவர் 'மெனுய்சியே'. நுட்பமான அலமாரி செய்கிற தச்சர்தான் எபெனிஸ்த். 'எபென்' என்றால் கருங்காலி மரம். நம் ஊரில் கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தின்போது நழுவி உள்ளே போனவன் முகம்தான் நினைவுக்கு வரும். அரசு ஊழியர் சங்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கருங்காலி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம். மடகாஸ்கர், மொரீசியஸ் பக்கம் அதன் உறவு மரங்கள் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன் இவையெல்லாம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. அங்கே அந்த மரத்துக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று ஜெர்மனியின் தெற்கே உள்ள ஆக்ஸ்பர்க். வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி ஏமாற்றுகிறவர்கள் இருந்திருக்க வேண்டும். 1625-ல் அந்த ஊர்த் தச்சர் சங்கம் அசல் கருங்காலி வேலைக்கு 'எபென்' என்ற முத்திரையும் ஊர்ச் சின்னமான பைன் காயும் குத்த ஆரம்பித்தது. நம் ஹால்மார்க் மாதிரி.

அந்த ஊரில் பிலிப் ஹைன்ஹோஃபர் என்ற வியாபாரி இருந்தார் (1578-1647). பட்டு வியாபாரம். அதோடு பல மன்னர்களுக்குச் செய்தி எழுதி அனுப்பும் முகவர். பிரான்சின் நான்காம் ஹென்றிக்கும் எழுதியவர். எந்த அரசருக்கு எதில் ஆசை, யாரிடம் பணம் இருக்கிறது என்பது இப்படிப்பட்டவருக்குத்தானே தெரியும்? அரிய பொருள் சேர்ப்பது அன்றைய பிரபுக்களின் மோகம். சங்கு, பவளம், தந்தம், கல், கடிகாரம், கணிதக் கருவி என்று எதையும் விடமாட்டார்கள். அவற்றை வைத்துக் காட்ட ஓர் அலமாரி, அதுவும் பொருளோடு சேர்த்தே விற்பது என்பது ஹைன்ஹோஃபரின் யோசனை.

அவர் கையால் ஒரு பலகைகூட இழைக்கவில்லை. மரவேலை உல்ரிக் பௌம்கார்ட்னர் என்ற தச்சருடையது. அவரோடு தட்டார், பூட்டுக்காரர், ஓவியர், கடிகாரக்காரர், இசைக்கருவி செய்கிறவர் என்று பெரிய கூட்டம். அத்தனை பேருக்கும் அச்சாரம் கொடுத்து, வேலை வாங்கி, ஒன்றாகச் சேர்த்தவர் ஹைன்ஹோஃபர். இன்று கான்ட்ராக்டர் என்போம்.

முதல் பெரிய அலமாரி, பால்டிக் கடல் பக்கம் இருந்த பொமரேனியாவின் பிரபு இரண்டாம் பிலிப்புக்கு. அது ஆர்டர் பேரில் செய்தது. 1617-ல் ஹைன்ஹோஃபரே ஸ்டெட்டின் நகரம் வரை போய் ஒப்படைத்தார். அந்தப் பயணத்துக்கு நாட்குறிப்பும் எழுதினார். ஏன் தானே போனார்? என் ஊகம் இது. கருங்காலி வேலையில் முழு மரம் கிடையாது. மலிவான மரத்தில் கூடு செய்து, அதன்மேல் கருங்காலியை மெல்லிய தகடாக ஒட்டுவார்கள். பசை மிருகத் தோல், எலும்பு காய்ச்சிய வச்சிரம். ஈரம் பட்டால் இளகும். மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ, கல்ரோட்டில் வாரக்கணக்கில் குலுங்கினால் தகடு பெயரும். போய்ச் சேர்ந்த பிறகு எந்த இழுப்பறைக்குள் எது, எந்த விசையைத் தொட்டால் எது திறக்கும் என்று காட்டவும் ஆள் வேண்டும். பாதி விலை அந்தச் செயல்விளக்கத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒப்படைக்கும் காட்சியை ஆன்டன் மோட்சார்ட் என்ற ஆக்ஸ்பர்க் ஓவியர் வரைந்திருக்கிறார் (சங்கீதக்காரர் அல்ல, அவருக்கு முந்தியவர்). அதில் பிரபு மட்டுமல்ல, அலமாரி செய்த கைவினைஞர்களும் நிற்கிறார்கள். எனக்கு அந்த விஷயம் பிடித்தது. பில்லில் தச்சன் பெயர் வருவதே அபூர்வம். இங்கே முகமே இருக்கிறது. பிரபு அந்த அலமாரியை அனுபவித்தது சில மாதங்கள்தான். 1618 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அலமாரி இரண்டாம் உலகப் போரில் பெர்லினில் அழிந்தது. உள்ளே இருந்த பொருள்களில் பெரும்பகுதி தப்பி அங்கே மியூசியத்தில் இருக்கிறது.

அடுத்தடுத்து அவர் செய்தவை ஆர்டர் இல்லாமல் செய்தவை. சொந்த முதலைப் போட்டு, பிறகு ஆள் தேடுவது. நேரம் சரியில்லை. 1618-ல் முப்பதாண்டுப் போர் ஆரம்பம். 1619 முதல் 1623 வரை ஜெர்மனியில் நாணயக் கலப்படம். ஆளாளுக்குச் செம்பைக் கலந்து சில்லறை அடித்ததில், ஒன்றரை குல்டனாக இருந்த ஒரு தாலர் வெள்ளிக் காசு, தெற்கே 10 குல்டன் வரை போனது. 1623-ல்தான் பழைய ஒன்றரைக்கு இழுத்து நிறுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் வேலைக்கு இந்த நிலையில் எப்படி விலை போடுவது? தாலரில்தான் பேச வேண்டும். அதில் வெள்ளி ஏறக்குறைய 26 கிராம், மாறாது. (நம் 'டாலர்' என்ற சொல்லும் இந்தத் தாலரின் பேத்திதான்.)

அந்த ஆண்டுகளில் உருவான ஓர் அலமாரியை 1628-ல் டிரோல் நாட்டு லியோபோல்ட் வாங்கி, ஃபிளாரன்ஸின் மெடிச்சி குடும்பத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்னும் அங்கே பிட்டி மாளிகையில் இருக்கிறது. இன்னொன்றை 1625 முதல் 1631 வரை செய்தார்கள். அதற்கு வாங்க ஆள் வரவில்லை. வந்தது ஒரு படை.

1632 ஏப்ரலில் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் ஆக்ஸ்பர்க்கில் நுழைந்தார். ஊரில் லூத்தரன்கள் பெரும்பான்மையாக இருந்தும், அவர்கள் நகரசபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த சமயம். மன்னர் அவர்களை மீண்டும் அமர்த்தினார். நன்றிக்கு என்ன கொடுப்பது? ஹைன்ஹோஃபரிடம் விற்காமல் நின்ற அலமாரியை நகரசபை வாங்கி மன்னருக்குப் பரிசளித்தது. விலை சுமார் 6,000 தாலர், அதாவது 150 கிலோவுக்கு மேல் வெள்ளி. ஹைன்ஹோஃபரும் லூத்தரன். வாங்கிய சபைக்காரர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். தணிக்கைக்காரர் கண்ணில் பட்டால் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆறு வருட வேலை, அத்தனை பேர் கூலி, வட்டி எல்லாம் அந்த ஒரு சாமானில் முடங்கிக் கிடந்தது. மன்னர் வராமல் போயிருந்தால் 1635-ல் முற்றுகைப் பஞ்சத்தில் ஊரே சுருங்கியபோது, 45,000 பேர் இருந்த இடத்தில் 16,000 பேர் மிஞ்சியபோது, அதை யார் வாங்கியிருப்பார்?

மன்னரும் நவம்பரில் லூட்சென் போரில் மாண்டார். அலமாரி 1633-ல் போர் நடக்கும் நாட்டைக் கடந்து, கடலைத் தாண்டி ஸ்வீடன் போய்ச் சேர்ந்தது. உள்ளே தானாக வாசிக்கும் தந்திக் கருவி உட்பட ஆயிரம் பொருள் வரை. அது முழுசாகப் போனதுதான் எனக்கு அதிசயம். 1694-ல் மன்னர் பதினொன்றாம் சார்லஸ் அதை உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.

இன்று அதற்கு என்ன விலை என்று கேட்பீர்கள். மியூசியச் சொத்துக்கு விலை கிடையாது. ஒப்பிட வேண்டுமானால், இங்கிலாந்தின் பியூஃபோர்ட் பிரபு 1726-ல், பத்தொன்பது வயதில், ஃபிளாரன்ஸில் ஆர்டர் கொடுத்த 'பாட்மின்டன் அலமாரி' இருக்கிறது. அதுவும் கருங்காலி, அதில் வண்ணக்கல் பதித்தது. 1990-ல் 85 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனது. 2004-ல் 1 கோடியே 90 லட்சம் பவுன். பதினான்கு வருடத்தில் அலமாரியில் ஓர் ஆணிகூட மாறவில்லை.

உப்சாலா அலமாரியின் உச்சியில், கற்களும் சங்குகளும் குவித்த மேட்டின்மேல், இரட்டைத் தேங்காய் ஒன்று இருக்கிறது. பக்கீர்கள் கையில் பிடிக்கும் கறுத்த கப்பரை பல இந்தக் காயின் ஓடுதான். மாலத்தீவுக் கரையில் ஒதுங்கும், கடலடி மரத்தில் காய்ப்பது என்று நம்பினார்கள். 1602 முதல் 1607 வரை அங்கே சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், கரை ஒதுங்கும் காய் அனைத்தும் அரசனுக்கே சொந்தம் என்று எழுதியிருக்கிறார். யாராவது திடீரென்று பணக்காரனானால், அவனுக்கு அந்தக் காய் கிடைத்துவிட்டது என்பார்களாம்.

1768-ல் பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் செஷல்ஸின் பிராலேன் தீவில் அந்த மரங்களைக் கண்டுபிடித்தார்கள். மறு வருடமே காய்கள் கப்பல் நிறைய இந்தியாவுக்கு வந்து இறங்கின. விலை விழுந்துவிட்டது.