நாவும் குடலும் அறியும் இனிப்பு

இனிப்பை அறிவது நாக்கு ஒன்றே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1879ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பால்பர்க் என்பார் கையைச் செவ்வனே கழுவாது உண்ண அமர்ந்தார். ரொட்டி வழக்கத்துக்கு மாறாக இனித்தது. நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கிய பொருளொன்று விரலில் ஒட்டியிருந்ததே காரணம். அதுவே சாக்கரின். (மாணவ மணிகளே, கை கழுவாமையை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டா!) அது சர்க்கரையினும் சில நூறு மடங்கு இனிப்பது, ஆயினும் உடலுக்கு ஆற்றல் தராதது. எடை குறைக்க விழைவோர்க்கு அது வரமெனத் தோன்றியது.

நாவுக்கு அப்பாலும் உடலில் காவலர் உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. குளுக்கோஸை ஊசி வழியே செலுத்தும்போது சுரப்பதைவிட, வாய்வழி உட்கொள்ளும்போது இன்சுலின் மிகுதியாகச் சுரப்பதை 1964இல் ஆய்வாளர் கண்டனர். அங்ஙனமாயின் கணையத்துக்குச் செய்தி விடுப்பது யார்? குடலே! அதன் சுவரிலுள்ள சில உயிரணுக்கள் சர்க்கரை வந்ததும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான ஜி.எல்.பி.-1 என்பது 1980களில் அறியப்பட்டது. அஃது இன்சுலினைத் தூண்டும். இரைப்பை விரைவில் வெறுமையாகாமல் தடுக்கும். ‘போதும்’ என்று மூளைக்கும் உணர்த்தும்.

நாவில் இனிப்பை உணரும் ஏற்பி 2001இல் இனங்காணப்பட்டது. இரு புரதங்கள் இணைந்தது அது. அவற்றுள் ஒன்றுக்குரிய மரபணு பழுதுற்றமையால் பூனைக்கு இனிப்பே தெரியாது! பின்னர் அதே ஏற்பி குடலிலும் இருக்கக் கண்டனர். ஆயினும் கதை அங்கு முடியவில்லை. இனிப்புச் சுவையை அறியவியலாத சுண்டெலிகளுங்கூட, பழகியபின் வெறும் நீரை விடுத்துச் சர்க்கரை நீரையே நாடின. குடலிலிருந்து வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குச் செல்லும் செய்தியே இதற்குக் காரணமென்றும், செயற்கை இனிப்புகள் அச்செய்தியை எழுப்புவதில்லை என்றும் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் சுண்டெலிகளைக் கொண்டு காட்டினர். நாவை ஏமாற்றுதல் எளிது. குடலை ஏமாற்றுதல் அரிது.

உடல் பருத்த பிள்ளையைப் ‘பெருந்தீனிக்காரன்’ என்று வகுப்பில் எள்ளும் வழக்கத்தை நான் நெடுங்காலம் கண்டிருக்கிறேன். பசியும் நிறைவும் மனவுறுதி ஒன்றால் மட்டும் ஆளப்படுவன அல்ல என்பதற்கு இவ்வரலாறே சான்று. ஜி.எல்.பி.-1ஐப் போலச் செயற்படும் செமாகுளூடைடு என்னும் மருந்தை, பருமனைக் குறைப்பதற்கென 2021இல் அமெரிக்க அரசு ஏற்றது. அதனால் பலர்க்குப் பசி தணிந்து எடை குறைந்தது. மருந்தை நிறுத்தியபின் இழந்த எடையில் பெரும்பகுதி மீண்டுவிட்டது.