ஆண்ட்ரூ விக்கின்ஸும் அபிவிருத்தி என்னும் பிரச்சினையும்

பெரும் எதிர்பார்ப்புக்கும் பெருஞ்சம்பளத்துக்கும் உரியவராகி, அவற்றுக்கேற்ற பயனைத் தராமற்போன தொழின்முறைக் கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவர் பின்னாளில் மெய்யாகவே தேறக்கூடுமா என்ற வினாவை ஆராயப் புகுவோர்க்கு, 2014-ஆம் ஆண்டு என்.பி.ஏ. புதுமுகத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட கனடா நாட்டவராகிய ஆண்ட்ரூ விக்கின்ஸின் வரலாற்றைவிடத் தக்க திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. கிளீவ்லாண்ட் அணி தேர்ந்தெடுத்து, ஒரு பந்தயம்கூட ஆடவிடாமலே கெவின் லவ் என்ற ஆட்டக்காரருக்கு மாற்றாக மின்னசோட்டாவுக்கு அனுப்பிவிட்ட அவர், அங்கே முதற்பருவத்திலேயே சிறந்த புதுமுகமென்ற விருதையும், 2017-இல் ஏறத்தாழ 14.8 கோடி டாலர் பெறுமான ஐந்தாண்டு ஒப்பந்தத்தையும் பெற்றார். ஆயினும் தற்காப்பில் சிரத்தையற்றவர், இடைத்தூரத்திலிருந்து கடினமான எறிவுகளை வீணே எறிபவர் என்ற பழி அவரை விட்டு நீங்கவில்லை. 2020 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு மாறியவர், 2022-இல் நட்சத்திர ஆட்டத்தின் தொடக்க ஐவரில் ஒருவராகவும், சாம்பியன் பட்டம் வென்ற அணியின் தூண்களில் ஒருவராகவும் விளங்கினார்.

இதனை அபிவிருத்தி என்பதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 23.6 புள்ளிகள் ஈட்டியவர் 2021-22-இல் ஈட்டியது 17.2 மட்டுமே. எதிராளி எவரும் குறுக்கிடாமல், குறித்த கோட்டில் தனியே நின்று எறியும் ஃப்ரீ த்ரோவோ கையின் சுத்தமான திறனுக்கு உரைகல் எனத்தக்கது. அதில் முன்னைய பருவத்தில் நூற்றுக்கு 76 தேறியது, பின்னையதில் 63-ஆக வீழ்ந்தது. மூன்று புள்ளி எறிவு மட்டும் நூற்றுக்கு 39 என உயர்ந்ததே எனில், வாரியர்ஸின் ஸ்டீபன் கரி பந்தோடு நடுக்கோட்டைக் கடந்தவுடனே தற்காப்பாளர் இருவர் அவர்மேல் பாய, மூலையில் நிற்பவருக்கு நிதானமாகக் குறிபார்க்க அவகாசம் கிடைப்பதே அதற்குக் காரணமென்பர் ஆட்சேபிப்போர். ஆகவே மாறியது ஸ்தானமேயன்றி ஆள் அல்லர் என்பது அவர்கள் முடிபு.

இவ்வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மற்றப் பாதியை 2022 ஜூன் மாத இறுதிச்சுற்று மறுக்கிறது. பாஸ்டனுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தில், மின்னசோட்டாவில், தவறிய எறிவில் திரும்பும் பந்தைப் பிடிப்பதாகிய ரீபவுண்டில், சராசரி நான்கோடு நின்ற இம்மனிதர் 16 ரீபவுண்டுகளைக் கைப்பற்றினார். ஐந்தாம் ஆட்டத்தில் கரி எறிந்த மூன்று புள்ளி எறிவுகள் ஒன்பதும் தவறிப்போன அந்த இரவில், 26 புள்ளிகளும் 13 ரீபவுண்டுகளும் ஈட்டி வெற்றிக்கு வழிவகுத்தவர் விக்கின்ஸே. அச்சுற்று முழுதும் பாஸ்டனின் ஜேசன் டேட்டத்தின் மார்போடு மார்பாக நின்று, வளையத்தை நோக்கிய வழியை அடைத்து, அவரை எட்டத்திலிருந்தே எறியும்படி நெருக்கிய வேலையையும் கரியின் நிழல் செய்து கொடுக்கவில்லை. ரீபவுண்டு என்பது, உயரத்தைக் காட்டிலும், பந்து வளையத்தைத் தொடுமுன்பே எதிராளியை முதுகால் தடுத்து இடம்பிடிக்கும் முனைப்பைப் பொறுத்தது. உயரமோ மின்னசோட்டாவிலும் அவருக்கு அதேதான். (புள்ளிக்கணக்கை மட்டுமே எண்ணி ஆட்டக்காரரை எடைபோடும் ரசிகர்கள் இதைக் கவனிப்பதில்லை.)

ஸ்தானமாற்றம் ஒன்றே போதுமெனில், விக்கின்ஸோடு அதே கொடுக்கல்வாங்கலில் மின்னசோட்டாவுக்குச் சென்ற, அவரைப் போலவே கனடா நாட்டவரும் 2013-இன் முதல் தேர்வுமாகிய அந்தோனி பென்னட்டும் தேறியிருக்க வேண்டும். தோள்பட்டை அறுவைச் சிகிச்சையோடு தொழிலைத் தொடங்க நேர்ந்த துர்பாக்கியம் அவருக்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் டொரன்டோ, புரூக்ளின் என அணிகள் மாறியும் 2016-17-க்குப் பின் அவர் என்.பி.ஏ.வில் ஆடவேயில்லை.

எனவே விக்கின்ஸிடம் வளர்ந்தது கைத்திறன் அன்று. புள்ளி குவிக்கும் தலைவராக இருந்தே தீரவேண்டுமென்ற பாரம் இறங்கியபின், முன்பு பந்தின்மேலிருந்த சிரத்தை, எதிராளியின் மேலும் வளையத்தின் மேலும் திரும்பிற்று. நாளைக்கே ஏதேனும் ஓர் அணி அவரை மீண்டும் தலைவராக்கினால் இவ்வளர்ச்சி மறையலாம் என்போர்க்கு, மறையக்கூடியது என்பதனாலேயே அது பொய்யாகிவிடாது என்பதே என் விடை.